மண்டபத்தில் ஒரு தேநீர்க் கடை: ஊற்று நீரும் கருப்பட்டித் துண்டும்

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் மண்டபத்தை நெருங்கும்போது, தென்கடல் பக்கமாக இறங்கும் ஒரு சிறிய சாலையின் முனையில், ஓலைச் சாய்ப்பு இறக்கிய ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. தம் பெயரையும் எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால், அடையாளத்திற்கு இந்த ஓலைச் சாய்ப்பே போதும் என்று விட்டுவிடுகிறேன். பாம்பன் பாலத்தைப் பார்க்கும் ஆவலில் விரையும் வண்டிகள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. ஆனால் பால் சேர்க்காத தேநீரை அதற்குரிய மரியாதையோடு போட்டுக் கொடுக்கும் கடை இந்தக் கரையில் வேறொன்றை நான் கண்டதில்லை.

இந்தக் கடற்கரையில் தேநீரின் தரத்தை முதலில் முடிவு செய்வது தூளும் அல்ல, பாலும் அல்ல, தண்ணீர்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலம் இது என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலான இடங்களில் உவர்ப்பாகவே இருக்கும். மணல்மேடுகளில் மட்டும் மழைநீர் உள்ளிறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் ஓர் அடுக்காக நிற்பதால், அதிக ஆழமில்லாமல் தோண்டிய ஊற்றுகளிலேயே குடிக்கத்தக்க நீர் சுரக்கிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் வந்த பிறகும் ஊற்றுகளை நம்பும் குடும்பங்கள் இங்கே உண்டு. கடின நீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைச் சத்துகளோடு சேரும்போது, தேநீரின் மேல் எண்ணெய் படர்ந்தது போன்ற ஓர் ஆடை படிகிறது. சிவக்க வேண்டிய நிறம் கறுத்து மங்குகிறது. மணம் எழும்புவதே இல்லை. பாலும் சீனியும் இந்தக் குறைகளைப் பெருமளவு மறைத்துவிடும். அதனால்தான் நெடுஞ்சாலைக் கடைகள் பலவற்றில் பால் டீ ஓரளவு நன்றாக இருந்தாலும், அதே கடையின் பிளாக் டீயை இரண்டாவது வாய் குடிக்க மனம் வருவதில்லை.

இக்கடையில் விடியற்காலை முதல் சுற்றுத் தேநீருக்கு ஒரு மணல்மேட்டு ஊற்றிலிருந்து குடங்களில் வரும் நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். பாய்லர் கொதித்ததும் உரிமையாளர் முதலில் பால் சேர்க்காமல் ஒரு கண்ணாடி டம்ளரில் டிகாஷனை ஊற்றி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். மேலே ஆடை படியாமல், அடிவரை சிவப்பாகத் தெளிந்திருந்தால்தான் அன்றைய நீர் தேறியதாகப் பொருள். கோடையில் ஊற்று உவர்க்கத் தொடங்கும் நாள்களில் அவர் தயங்காமல் குழாய் நீருக்கு மாறிவிடுகிறார், கேட்பவர்களிடம் அதை மறைப்பதும் இல்லை. தூளையும் அவர் இதே கவனத்தோடு வைத்திருக்கிறார். தேயிலை ஈரத்தையும் அயல் மணத்தையும் மிக எளிதில் வாங்கிக்கொள்ளும் பொருள். உப்புக்காற்று வீசும், கருவாடு காயும் ஊரில் திறந்த டப்பாவில் கிடக்கும் தூள் சில நாள்களிலேயே தன் மணத்தை இழந்துவிடும். அவர் சிறு அளவுகளாகவே வாங்கி, இறுக மூடும் தகர டப்பாக்களில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்கிறார்.

இங்கே அதிகம் விற்பது பால் டீதான். அதற்கு அவர் பயன்படுத்துவது நீலகிரியின் டஸ்ட் தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறையில் செய்த தூள் என்பதால் விரைவில் சாறு இறங்கும், கடுப்பும் நிறமும் கிடைக்கும். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொள்வதால் அந்தக் கடுப்பு நாக்கில் உறைக்காமல் இதமாகிறது. நேரம் கடந்த டிகாஷன் கசந்துவிடும் என்பதை அறிந்து, கூட்டம் குறைந்த வேளையில் மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இறக்கும் மாஸ்டரை இங்கேதான் பார்த்தேன். பால் டீயில் குறை சொல்ல ஏதுமில்லை. கருப்பட்டிப் பால் டீயோ இன்னும் ஒரு படி மேல். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் பால் திரிந்துவிடக்கூடும் என்பதால், கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, டம்ளரில் முதலில் அந்தப் பாகையும் அதன்மேல் டிகாஷனையும் ஊற்றி, கொதி அடங்கிய பாலைக் கடைசியில் சேர்க்கிறார்கள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து வரும் கருப்பட்டி அது. வெள்ளைச் சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மிகுந்துவிட்ட இக்காலத்தில், பதநீரின் மணம் மாறாத ஒன்றைத் தேடி வாங்கும் கடைக்காரரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனாலும் இக்கடைக்கு மீண்டும் மீண்டும் என்னை வரவழைப்பது பால் இல்லாத தேநீரும் அதனோடு ஒரு சிறு தட்டில் வரும் கருப்பட்டித் துண்டும்தான். தேநீரில் இனிப்பு எதுவும் கலப்பதில்லை. கருப்பட்டியைச் சிறிது கடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் சூடான தேநீரை உறிஞ்சிக் குடிக்க வேண்டும். முதல் வாயில் இனிப்பு முந்தும், பிறகு துவர்ப்பு எழும், கடைசியில் இலையின் மணம் தொண்டையில் தங்கும். கலக்கிய தேநீரில் இவை மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கே தனித்தனியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஊற்று நீரின் அருமை தெரிவதும் இந்த டம்ளரில்தான். இலங்கையில் பிளேன் டீயைப் பனைவெல்லத் துண்டோடு குடிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. இந்தக் கரையில் அது வேர்கொண்டிருப்பதில் வியப்பில்லை, ஏனெனில் தேயிலையின் பெரும் வரலாறு ஒன்று இந்த ஊர் வழியாகவே இருமுறை கடந்து சென்றிருக்கிறது.

1867ஆம் ஆண்டு கண்டிக்கு அருகே லூல்கந்துரை தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழிக்க, இலங்கையின் மலைகள் தேயிலைக்கு மாறின. அந்தத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாகத் தங்கவைக்கப்பட்டு, நோய்த்தடுப்புச் சோதனை முடிந்து கப்பலேறக் காத்திருந்த இடம் மண்டபம் முகாம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் பயணம் தொடர்ந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானது. தாயகம் திரும்பியவர்களில் மிகப் பலர் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகவே உள்நாட்டுக்குச் சென்றார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டேன்டீ என்று அறியப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. ஆகவே இக்கடையில் நீலகிரித் தேயிலையைக் குடிக்கும்போது, இந்தக் கரையில் கால்வைத்துக் கடந்து போனவர்களின் உழைப்பும் அந்த மலையில் இருக்கிறது என்ற நினைவு எனக்குத் தவறாமல் வருகிறது. தேநீரைப் பற்றி எழுதும்போது அவர்களைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இந்தத் தேநீரின் நிலையான வாடிக்கையாளர்கள் கடலுக்குப் போகிறவர்கள். பால் கெட்டுப்போகும் என்பதால் படகில் கொண்டுசெல்வது பிளாக் டீதான். மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கச் செல்லும் பெண்கள் விடிவதற்கு முன்பே தூக்குவாளிகளோடு வந்து நிற்கிறார்கள். "அண்ணே, சீனி போடாம ஊத்துங்க, கருப்பட்டி முந்தியில இருக்கு" என்று ஒருவர் சொல்ல, "பாத்துப் பிடி தங்கச்சி, சூடா இருக்கு" என்று கடைக்காரர் ஊற்றிக் கொடுத்ததைக் கேட்டிருக்கிறேன். நீரில் மூழ்கி எழும் வேலைக்கு நடுவே, கரையில் அமர்ந்து ஒரு மூடித் தேநீரைப் பங்கிட்டுக் குடிப்பது அவர்களின் வழக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடையின் நடையே மாறிவிடுகிறது. விசைப்படகுத் தொழிலாளர்கள் வலைகளைச் சீர்செய்த இடைவேளையில் வந்து, ஒரு டம்ளரோடு வெகுநேரம் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். எழுந்துபோகச் சொல்லி எவரையும் இக்கடை அவசரப்படுத்துவதில்லை.

மசாலாவும் எலுமிச்சையும் சேர்த்த, பால் இல்லாத தேநீரான சுலைமானியைப் பொறுத்தவரை, கீழக்கரை வீடுகளில் நெய்ச்சோற்று விருந்துக்குப் பிறகு கிடைப்பதுதான் எனக்கு அளவுகோல். அதோடு ஒப்பிடத்தக்க ஒன்றை ஒரு சாலையோரக் கடை தருவது பெரிய செய்தி. ஏலக்காய், பட்டை, கிராம்பு ஆகியவற்றை நீரோடு கொதிக்கவிட்டு, தூளை அடுப்பை அணைத்த பிறகே போடுகிறார்கள். வடிகட்டி டம்ளரில் ஊற்றிய பிறகுதான் எலுமிச்சை பிழிகிறார்கள். அந்தப் புளிப்பு பட்டதும் தேநீரின் கருஞ்சிவப்பு தெளிந்து பொன்னிறமாவதை நம் கண்முன்னே காணலாம். எலுமிச்சையைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் வரும் கசப்பு இங்கே துளியும் இல்லை. கீழக்கரையிலிருந்து வரும் தொதல் என்னும் தேங்காய்ப்பால் இனிப்பு இருக்கும் நாளில் சென்றால் அதில் ஒரு துண்டைச் சேர்த்து வாங்குங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பை எலுமிச்சைப் புளிப்பு அழகாக அறுத்துவிடும். உணவு முடிந்த உடனேயே தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், எங்கள் வீட்டில் விருந்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டே சுலைமானியை எடுக்கிறோம். இரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்.

முழு இலைத் தேநீர் கேட்பவர்களுக்காக இலையைத் தூளாக்காமல் உருட்டிச் சுருட்டும் ஆர்த்தடாக்ஸ் முறையில் செய்த நீலகிரி இலையும் வைத்திருக்கிறார். பீங்கான் குவளையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, மூடி, நான்கு நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார். பால் கேட்டால் மறுக்கிறார். குளிரும் வறட்சியும் சேரும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரியில் இலை மெதுவாக வளர்வதால் அந்தப் பருவத் தேயிலைக்கு மணம் அதிகம். அது கடைக்கு வந்திருக்கும்போது குடித்துப் பார்ப்பது நல்லது. இஞ்சி டீ நன்று. மசாலா டீயில் கிராம்பு தூக்கலாக இருப்பதால் தேயிலை தெரிவதில்லை. குறையென்று அழுத்திச் சொல்ல வேண்டியது கிரீன் டீயைத்தான். 75 முதல் 80 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் ஊற வேண்டிய இலையின் மேல் பாய்லரின் கொதிநீரை நேராக ஊற்றிவிடுவதால் அது கசந்துபோகிறது. வெந்நீரைத் தனி டம்ளரில் ஊற்றி ஆறவிட்டு, பிறகு இலையில் ஊற்றச் சொல்லிப் பார்த்தேன். சுவை முற்றிலும் வேறாக இருந்தது. மற்றத் தேநீர்களுக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் அவர் காட்ட வேண்டும்.

கண்ணாடி டம்ளர்களை வெந்நீரில் அலசியே தருகிறார்கள். பார்சலுக்கு நெகிழிப் பை தருவதில்லை. பாத்திரம் கொண்டுவர வேண்டும். பருப்பு வடை சூடாக இருக்கும் வரை நன்றாக இருக்கிறது. பால் டீயும் கருப்பட்டித் துண்டோடு தரும் பிளாக் டீயும் 15 ரூபாய், சுலைமானி 20 ரூபாய், இலைத் தேநீர் 40 ரூபாய். உட்கார இரண்டு பெஞ்சுகளே உள்ளதால், குடும்பமாகச் செல்வோர் வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தி அங்கேயே குடிக்க வேண்டியிருக்கும். கடை அதிகாலை நான்கு மணிக்குத் திறக்கிறது. நண்பகலில் மூடி, மாலையில் மீண்டும் திறக்கிறார்கள். பால் சேர்க்காத தேநீருக்காக வருபவர்கள் காலை ஒன்பது மணிக்குள் வந்துவிடுவது நல்லது. அதற்குப் பிறகு பெரும்பாலும் ஊற்று நீர் தீர்ந்து குழாய் நீர் தொடங்கிவிடும். பால் டீயில் அந்த வேறுபாடு தெரியாது என்றாலும், இலைத் தேநீரை அந்த நேரத்தில் கேட்டால் நாளைக் காலையில் வரும்படி அவரே சொல்லி அனுப்பிவிடுகிறார்.