ஓராக்விக் சுய எச்ஐவி பரிசோதனை: டர்பன் மருந்துக்கடையிலிருந்து ஒரு விமர்சனம்

டர்பனில், வார்விக் டாக்ஸி ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ஓராக்விக்கை வாங்குபவர்களில் என்னிடம் அதிகம் கேள்வி கேட்பவர்கள், வீட்டில் மனைவியும் வெளியே ஓர் ஆண் துணையும் உள்ள ஆண்கள். இங்கே பேச்சில் அவர்களை 'ஆஃப்டர் நைன்' என்பார்கள். பலர் தங்களை 'கே' (ஆண்களை விரும்பும் ஆண்) என்று சொல்லிக்கொள்வதே இல்லை. ஆண்களுக்கென்று இருக்கும் கிளினிக் வரிசையில் நின்றால் தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று பயம். தென்னாப்பிரிக்காவில் 1996 அரசியல் சாசனமே பாலியல் சார்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது, 2006ல் ஒரே பாலினத் திருமணமும் வந்துவிட்டது. ஆனால் மாமியாருக்கும் சர்ச்சுக்கும் பதில் சொல்வது சட்டம் இல்லையே!

அந்த இடத்தில்தான் இந்தப் பெட்டி உதவுகிறது. ஊசி, ரத்தம் எதுவும் இல்லை. தட்டையான குச்சியை மேல் ஈறில் ஒரு தடவை, கீழ் ஈறில் ஒரு தடவை தேய்த்து, குப்பியில் நிறுத்திவிட்டு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். 40 நிமிடம் தாண்டிவிட்டால் அந்த முடிவை நம்பக் கூடாது. சி (C) பக்கம் மட்டும் கோடு வந்தால் நெகட்டிவ். டி (T) பக்கமும் சேர்ந்து வந்தால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும், ரத்தப் பரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். "லேசாத்தானே இருக்கு" என்று போனைக் காட்டுபவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

குறை என்றால், முதலில் அந்த 20 நிமிடம். ஒரே அறையில் குடும்பத்தோடு இருப்பவன் எங்கே போய்க் காத்திருப்பான்? அப்படிப்பட்டவருக்கு விரலில் குத்தி ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லும் இன்ஸ்டியைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்தது, மக்கள் தாங்களே செய்துபார்த்த அமெரிக்க ஆய்வில் தொற்று உள்ளவர்களில் 92 சதவீதம் பேரைத்தான் ஓராக்விக் பிடித்தது. பன்னிரண்டில் ஒருவர் நழுவிவிடுகிறார். தேடுவதும் வைரஸை இல்லை, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. அதனால் போன வாரம் நடந்ததை இது சொல்லாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் பற்றி இதில் ஒன்றுமே தெரியாது. இரண்டு பேரோடு உறவில் இருப்பவருக்கு அதுவும் முக்கியம்.

எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் ப்ரெப் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதன் முடிவு தப்பலாம், அவர்கள் கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. ப்ரெப் என்றதும் ஞாபகம் வருகிறது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரத்துக்கு முன் இரண்டு மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் ஒன்று என்ற முறை ஆண்களுக்குத்தான். "மனைவிக்கும் இப்படியே கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கூடாது, பெண்கள் தினமும் சாப்பிட்டால்தான் பலன்.

வாங்குவதாக இருந்தால் இரண்டாக வாங்குங்கள். கென்யாவின் கிசுமுவில் நடந்த ஆய்வில், பெண்களிடம் இந்த மாதிரிப் பெட்டிகளைக் கொடுத்து அனுப்பியபோது அவர்களின் துணைவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பரிசோதித்துக்கொண்டார்கள். வழக்கமான அழைப்புச் சீட்டு கொடுத்தபோது பாதிப் பேர்தான். இங்கே கணவன் கொண்டுபோய்க் கொடுக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். "கடையில் ஆஃபர் போட்டிருந்தான்" என்று சொல்லிக் கொடுத்ததாக ஒருவர் சிரித்தார். நல்ல பொய்தான்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். டாக்ஸி டாஷ்போர்டில் மட்டும் போட்டுவைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாத பொருள். கூடவே தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வாஸ்லின் பட்டால் ஆணுறை கிழியும்.