தியோடர் ருஸோவின் பாறை ஓக் மரங்கள்: நிழலைப் பார்த்து வாங்குங்கள்

19ஆம் நூற்றாண்டு எச்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளில் மை நிரப்பித் தாளில் எடுக்கும் அச்சுப்படம்) ஒன்றை அளவான விலையில் வாங்க நினைப்பவர்களுக்குத் தியோடர் ருஸோவின் ‘ஷேன் த ரோஷ்’ நல்ல தேர்வு. (தத்துவஞானி ருஸோ வேறு, இவர் பிரான்சின் பார்பிசான் கிராமத்தைச் சார்ந்த இயற்கைக்காட்சி ஓவியர்.) பாரிஸுக்குத் தெற்கே உள்ள ஃபோந்தேன்ப்லோ காட்டில் பாறைகளுக்கிடையே வளர்ந்த ஓக் மரங்களை அவரே செப்புத் தகட்டில் கீறினார். 1861இல் ‘கசெத் தே போஸார்’ என்ற பிரெஞ்சுக் கலை இதழில் வெளியானதால் பிரதிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன.

படம் சிறியது, சுமார் 12க்கு 17 செ.மீ. சுவரில் மாட்டினால் தூரத்திலிருந்து கருந்திட்டாகத்தான் தெரியும். கையில் பிடித்துப் பார்க்க வேண்டிய படம் இது. அதே காலத்து ஆங்கில எச்சிங் கலைஞர் ஸீமோர் ஹேடன் வெள்ளைத்தாளைத் தாராளமாக விட்டுவைப்பார். ருஸோ தகடு முழுவதையும் இலையாலும் பாசியாலும் நிரப்பிவிடுகிறார். எனக்கு இந்த நெரிசல்தான் பிடிக்கிறது. காட்டுக்குள் வானம் எவ்வளவு தெரியும்?

ஆனால் இதே நெரிசலில்தான் ஆபத்தும் இருக்கிறது. மெழுகுப்பூச்சைக் கீறி அமிலத்தில் இடும்போது, குறுக்குக்கோடுகள் மிக நெருக்கமாக இருந்தால் இடையிலுள்ள செம்பும் கரைந்து பள்ளமாகிவிடும். அகன்ற பள்ளத்தில் மை தங்காது, துடைக்கும்போதே வந்துவிடும். கறுப்பாக வேண்டிய இடம் சாம்பலாக அச்சாகும். தகடு தேய்ந்தாலும் முதலில் மறைவது மெல்லிய கோடுகள்தான். அதனால் பாறையடி நிழலையும் கிளைநுனிகளையும் பாருங்கள். நிழலுக்குள் தனித்தனிக் கோடு தெரிய வேண்டும், நுனிகள் அறுபடக் கூடாது.

பத்து மடங்கு லென்ஸில் ஒழுங்கான புள்ளிவரிசை தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு நகல். பொடிமணல் போன்ற துகள் தெரிந்தால் ஃபோட்டோகிராவ்யூராக (புகைப்பட முறையில் தகட்டில் பதித்து எடுத்த நகலாக) இருக்கலாம். அசலில் மை தாளுக்கு மேல் லேசாக எழும்பி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் புலப்படும். படத்தைச் சுற்றிலும் தகடு அழுந்திய தடத்தை மட்டும் நம்ப வேண்டாம், மையில்லாத வெறும் தகட்டை அழுத்தியே அதைப் போலியாக உண்டாக்கலாம். கீழ் ஓரத்தில் எழுத்து பொறிக்கும் முன் எடுத்த பிரதிகள் அரிது, விலையும் அதிகம். ரசிக்க மட்டும் வாங்குபவருக்கு இதழ்ப்பிரதி போதும்.

இந்தப் படம் வந்த மறு ஆண்டு, 1862இல், பதிப்பாளர் கதார் பாரிஸில் எச்சிங் கலைஞர்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். மாதம் ஐந்து எச்சிங் வீதம் 1867 வரை அது வெளியிட்டது. அதுவரை ஓவியங்களை நகலெடுக்கவே பெரிதும் பயன்பட்ட செப்புத் தகடு, ஓவியர்களின் சொந்தக் கைக்கு வந்த காலம் அது. அந்தத் தொகுப்புகளின் தாள்களும் தேடத்தக்கவை.

அட்டையில் முழுதாக ஒட்டியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். பிரித்தெடுக்கும் செலவு படத்தின் விலையைத் தாண்டலாம். சென்னை போன்ற ஈரக்காற்றுள்ள ஊர்களில் பழுப்புப்புள்ளி சீக்கிரம் பரவும். அமிலமற்ற மவுண்ட் வைத்து, கண்ணாடி தாளைத் தொடாதபடி சட்டமிட்டு, வெளிச்சுவரில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.