வீட்டுக்குள் டவர் இல்லை, வைஃபை இருக்கிறது: எந்த வழியில் பேசலாம்?

ஃபைபர் இணைப்பு வந்த பிறகும், போன் அடித்தால் மொட்டை மாடிக்கு ஓடுகிற வீடுகள் நம் ஊரில் நிறைய. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் கூடத்தில் படம் தடையில்லாமல் ஓடும். அதே கூடத்தில் ஒருவர் 'ஹலோ, ஹலோ, கேக்குதா?' என்று கத்திக்கொண்டிருப்பார். கம்பி கட்டிய கான்கிரீட் கூரை, இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள், அதிலும் தரைத்தளம் என்றால் கேட்கவே வேண்டாம். டவர் தெருமுனையில் இருந்தாலும் அலை உள்ளே வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு இன்றைக்கு நான்கு வழிகள் உண்டு. சிம்மின் சாதாரண அழைப்பை டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கொண்டுபோகும் வைஃபை காலிங், வாட்ஸ்அப் போன்ற செயலிகள், ஃபைபரோடு சேர்த்துக் கொடுக்கும் லேண்ட்லைன், அப்புறம் இணையக் கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டர். எதில் குரல் தெளிவாகக் கேட்கிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. நாம் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் எப்படியாவது ஒரு வழி கிடைத்துவிடும், மாடிக்காவது ஏறலாம். நம்மைக் கூப்பிடுகிறவர்களுக்கு, அதாவது பட்டன் போன் வைத்திருக்கும் சித்தப்பா, கூரியர் கொண்டுவரும் பையன், பிள்ளையின் பள்ளி அலுவலகம் ஆகியோருக்கு, நம் வீட்டு நடுக்கூடம் எட்டுகிறதா? அதை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

வைஃபை காலிங்

இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் கொண்டுவந்தது ஏர்டெல், 2019 டிசம்பரில், டெல்லி வட்டாரத்தில். தொடக்கத்தில் அவர்களுடைய பிராட்பேண்டில் மட்டும்தான் ஓடியது, பிறகு மற்ற இணைப்புகளுக்கும் திறந்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் ஜியோ வந்தது, எந்த வைஃபையிலும் ஓடும் என்ற அறிவிப்போடு. அந்த ஆண்டு இறுதியில் வோடஃபோன் ஐடியா. பிஎஸ்என்எல் ரொம்பத் தாமதம், 2026 தொடக்கத்தில்தான் நாடு முழுவதும் கொடுத்தது.

இதற்குத் தனிச் செயலி கிடையாது. போனின் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்றொரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். பலர் ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். அதன் பிறகு போன், வைஃபை வழியாக உங்கள் மொபைல் நிறுவனத்தின் நுழைவு சர்வருக்கு ஒரு ரகசியக் குழாய் போட்டுக்கொள்கிறது. ஐபிசெக் டன்னல் என்பார்கள். சிம்மை வைத்தே அடையாளம் சரிபார்க்கப்படும். அப்புறம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஏதோ ஒரு டவரில் இருப்பது போலத்தான். உங்கள் எண்ணுக்கு யார் எந்த போனிலிருந்து அடித்தாலும் மணி அடிக்கும். கறுப்பு டயல் போனிலிருந்து அடித்தாலும் சரி. பெரும்பாலான போன்களில் எஸ்எம்எஸ்ஸும் இதே வழியில் வந்துவிடும். வங்கி ஓடிபிக்காகப் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கட்டணம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வைஃபையில் போவதால் வெளிநாட்டு அழைப்பும் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இது உங்கள் சிம்மின் சாதாரண அழைப்பு, ரீசார்ஜ் பிளானில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. துபாய்க்கு அடித்தால் ஐஎஸ்டி கட்டணம் போகும். டேட்டா செலவு மிகச் சிறியது. ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஐந்து எம்பிக்கும் குறைவு என்று ஏர்டெல்லே சொல்கிறது.

குறையும் உண்டு. பேசிக்கொண்டே வாசலைத் தாண்டி வெளியே போனால் அழைப்பு அறுபடாமல் 4ஜி டவருக்கு மாற வேண்டும். வெளியே நல்ல 4ஜி இருக்கிற இடத்தில் பெரும்பாலும் மாறிவிடுகிறது. வெளியிலும் 2ஜி மட்டும் எடுக்கிற ஊர் என்றால் துண்டித்துவிடும். இதைவிட எரிச்சலானது மாடிப்படி, கேட், கார் நிறுத்துமிடம் மாதிரி நடுவாந்தர இடங்கள். வைஃபை இரண்டு கோடாகத் தேய்ந்திருக்கும், ஆனால் போன் அதை விடாது. டவருக்கும் போகாது. பேச்சு துண்டு துண்டாக வரும். சில ஆண்ட்ராய்டு போன்களில் 'மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை' என்று மாற்றி வைக்கலாம். அப்படி வைத்தால் டவர் சுமாராக எடுக்கிற வீடுகளில் இந்தச் சிக்கல் குறையும். டவரே இல்லாத வீட்டில் வைஃபைக்குத்தான் முன்னுரிமை.

வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி: ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள், ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். போனால் சரி. போகவில்லை என்றால் ரூட்டரைப் பார்க்க வேண்டும். அந்த ரகசியக் குழாய் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட வாசல்கள், வழியாகப் போகிறது. ரூட்டரின் ஃபயர்வால் அவற்றை அடைத்திருந்தால் இணையம் எல்லாம் ஓடும், இது மட்டும் ஓடாது. அலுவலக வைஃபையில் இது ரொம்பச் சகஜம்.

ரூட்டர் எங்கே இருக்கிறது?

ஒப்பீட்டுக்கு நடுவில் இதைச் சொல்லக் காரணம், முதல் மூன்று வழிகளுக்குமே அடியில் இருப்பது இந்தப் பெட்டிதான். 'வைஃபை காலிங் சரியில்லை, வாட்ஸ்அப்பே மேல்' என்று சொல்கிற பலருக்கு உண்மையில் சரியில்லாதது ரூட்டர் இருக்கும் இடம்.

ஃபைபர் போட வந்த தம்பி, ஒயர் உள்ளே நுழைகிற இடத்திலேயே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். படுக்கையறை வீட்டின் கடைசியில். நடுவில் மூன்று சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் இருக்கும். ஒன்றுக்கொன்று இடிக்காத சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றே மூன்று. அடுக்குமாடியில் பத்து ரூட்டர்கள் இந்த மூன்றில் நெருக்கியடித்தால் பேச்சு எப்படி இருக்கும்?

வேகச் சோதனை செய்து 'ஐம்பது வருகிறதே' என்பார்கள். பேச்சுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம், 100 கேபிபிஎஸ் இருந்தாலே தாராளம். அதற்கு வேண்டியது சீர். குரலைச் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்புகிறார்கள், அவை ஒரே இடைவெளியில் போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. அதைத் தாண்டிக்கொண்டே போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, 'நீங்க சொல்லுங்க', 'இல்ல நீங்க சொல்லுங்க' என்று போகும். இதை அடிக்கடி கெடுப்பது அப்லோடு. யாரோ ஒருவர் போனிலிருந்து கல்யாண வீடியோக்கள் எல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும், இங்கே பேச்சு அறுபடும். ரூட்டரில் பேச்சுப் பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுக்கிற கியூஓஎஸ் என்ற வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

முதல் மருத்துவம் பெட்டியை வீட்டின் நடுவுக்கு, கொஞ்சம் உயரத்துக்கு மாற்றுவது. அது முடியாவிட்டால் ஒரு லேன் ஒயரை இழுத்துப் பின்னறையில் இன்னொரு வைஃபை பெட்டி வையுங்கள். ஒயர் இல்லாமல் பிளக்கில் செருகுகிற மலிவான ரிப்பீட்டர், படம் பார்க்கப் போதும். பேச்சுக்கு அது கூட்டுகிற தாமதம் உறுத்தும்.

வாட்ஸ்அப் அழைப்பு

2015இல் குரல் அழைப்பும், அடுத்த ஆண்டு வீடியோ அழைப்பும் வந்தன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு இதற்கு மாற்றே இல்லை. சிங்கப்பூருக்கோ டொராண்டோவுக்கோ தனிக் கட்டணம் இல்லாமல் முகம் பார்த்துப் பேசலாம். குரலும் நன்றாகவே இருக்கும், பல நேரம் சிம் அழைப்பைவிட நன்றாக. பேச்சு முழுக்க இரு முனைகளுக்கு நடுவே பூட்டப்பட்டும் போகிறது. வைஃபை காலிங்கில் அந்தப் பூட்டு மொபைல் நிறுவனத்தின் வாசல் வரைதான். ஒரு விதிவிலக்கு, ஐக்கிய அரபு அமீரகம். அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் எல்லாம் போட்டிம் என்ற அழைப்புச் செயலி இருப்பது அதனால்தான்.

என் அளவுகோலில் இது தடுக்குகிற இடம் வேறு. அந்தப் பக்கமும் வாட்ஸ்அப் இருக்க வேண்டும், நெட் ஆனில் இருக்க வேண்டும். பட்டன் போன் சித்தப்பா இதில் வரமாட்டார். மின்வாரிய அலுவலக லேண்ட்லைனுக்கு இதில் அடிக்க முடியாது. 108க்கும் 112க்கும் முடியாது. கேஸ் சிலிண்டருக்கு மிஸ்டு கால் கொடுக்க முடியாது. போதாக்குறைக்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில போன்கள் செயலியைத் தூங்க வைத்துவிடும். அழைப்பு வந்தது தெரியாமலே போய், திரையைத் திறந்ததும் 'மிஸ்டு வாய்ஸ் கால்' என்று காட்டும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும், ஆனால் அம்மாவின் போனில் அதை யார் போய்ச் செய்வது?

ஃபைபர் லேண்ட்லைன்

பலருக்குத் தங்கள் பிளானில் இது இருப்பதே தெரியாது. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஃபைபர் பிளான்களில் லேண்ட்லைன் எண்ணும் அளவில்லா உள்நாட்டு அழைப்பும் சேர்ந்தே வருகின்றன. பெட்டியின் பின்னால் சின்னதாக ஒரு டெலிபோன் ஓட்டை இருக்கும், பரணில் கிடக்கும் பழைய போனை எடுத்துச் செருகினால் போதும். ஜியோவில் ஜியோஜாயின் செயலியைப் போட்டுக்கொண்டால், அந்த லேண்ட்லைன் எண்ணை வீட்டு வைஃபையில் மொபைலிலிருந்தே பயன்படுத்தலாம்.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான், வைஃபை காலிங்கைவிடவும். சார்ஜ் போட மறக்க முடியாது, சைலண்டில் போட முடியாது, எங்கே வைத்தோம் என்று தேட வேண்டாம். மணி வீடு முழுக்கக் கேட்கும். ரூட்டரோடு ஒயரில் இணைவதால் சுவர், சேனல் தொல்லையும் கிடையாது. ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும்: 2021 ஜனவரியிலிருந்து லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்கும்போது எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும்.

ஓடிபி இதில் வராது. ஊரெல்லாம் உங்கள் மொபைல் எண்ணைத்தான் வைத்திருக்கும், புது லேண்ட்லைன் எண்ணை வீட்டார்தான் அறிவார்கள். ஆக, மொபைலுக்குத் துணையாகத்தான் இதைச் சொல்ல முடியும்.

இந்த வரிசையில் பிஎஸ்என்எல்லின் 'விங்ஸ்' என்றொரு சேவையும் உண்டு. 2018இல், ஆண்டுக்கு ரூ.1,099 கட்டணமும் வரியுமாகத் தொடங்கினார்கள். சிம் இல்லாமல், செயலி வழியாக ஓர் எண். அந்தக் காலத்தில் புதுமைதான். சிம்மிலேயே வைஃபை காலிங் வந்த பிறகு அதற்குத் தனியாகப் பணம் கட்டக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

பூஸ்டர்

வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் இதைப் பொருத்துவது மட்டுமில்லை, வைத்திருப்பதே குற்றம். 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்து அப்படித்தான், 2023இன் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் இதைத் தளர்த்தவில்லை. உங்கள் வீட்டில் நான்கு கோடு ஏறும், ஆனால் அந்தப் பெட்டி கிளப்புகிற இரைச்சலில் தெருவில் மற்றவர்களின் அழைப்புகள் கெடும். அந்த இரைச்சலைத் தேடி வருகிற அதிகாரிகள் அதைக் கழற்றிக்கொண்டு போவதும் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ரூட்டர் வாங்கலாம்.

கரண்ட் போனால்

பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும், வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசும். ஃபைபர் அப்படி இல்லை. கரண்ட் போனால் பெட்டி அணையும், அதோடு வைஃபை காலிங், வாட்ஸ்அப், லேண்ட்லைன் மூன்றும் சேர்ந்து அணையும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுக்கிற நாளில் வீடு முழுக்க ஊமையாகிவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ரூட்டர் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. இன்வெர்ட்டர் இல்லையென்றால் ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் கிடைக்கிறது. ரூட்டரும் ஃபைபர் மோடமும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் வேண்டும்.

அதுவும் ஓரளவுக்குத்தான். தெருவில் கேபிள் அறுந்தாலோ, உள்ளூர் ஆபரேட்டரின் அறையில் பேட்டரி தீர்ந்தாலோ வீட்டு யூபிஎஸ்ஸால் ஒன்றும் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் நெட்டும் மொபைல் சிக்னலும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளில் கொஞ்சமாவது கைகொடுப்பது, இரண்டாவது சிம்மை வேறு நிறுவனத்துடையதாக வைத்திருப்பதுதான். ஒரு நிறுவனத்தின் டவர் படுத்தால் இன்னொன்று நிற்கலாம். மழைக்காலத்துக்கு முன்பே அதற்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, மொட்டை மாடியின் எந்த மூலையில் எடுக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.