ஏஐ பிரைம் 16எச்டி: இரண்டடிப் பவளத் தொட்டிக்குப் போதுமா?

ஏஐ (அக்வா இல்லுமினேஷன்) பிரைம் 16எச்டி என்பது பவளத் தொட்டிக்கான எல்.இ.டி விளக்கு. மென்பவளமும் எல்.பி.எஸ் வகையும் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்) வளர்த்தால், இரண்டடிச் சதுரத் தொட்டிக்கு ஒன்று போதும். அக்ரோபோரா என்ற கல்பவளத்துக்கு பார் அளவு (பவளம் பயன்படுத்தும் ஒளியின் அளவு) 200க்கு மேல் வேண்டும். ஓரங்களில் அது கிடைக்காது, இரண்டாகப் போடுங்கள்.

நீர்மட்டத்துக்கு மேல் 8-9 அங்குலத்தில் மாட்டலாம். எடுத்த எடுப்பில் முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் வெளிறிவிடும். 30 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் கூட்டுங்கள். நீலத்தை ஏற்றி வெள்ளையைக் குறைத்தால் பளபளப்பும் கூடும்.

பலவீனம் உள்ளிருக்கும் சிறு விசிறிதான். தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்பு, வெள்ளவத்தைக் கடற்காற்று இரண்டும் அதில் படியும். அடைத்தால் விளக்கு சூடேறும். மாதமொரு முறை மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு உலர்ந்த தூரிகையால் துடையுங்கள்.

பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதன் சூட்டுக்கு, கொழும்பு வெக்கையில் நீரைக் குளிர்விக்கும் சில்லரும் வாங்க வேண்டிவரும், மின்கட்டணம் வேறு!