தோள்பட்டை வலிக்கு விரல் அழுத்தமா, ஸ்டீல் பட்டையா? கைப்பிடி வலு சொல்லும் பதில்

தோள்பட்டை வலியோடு வருகிறவர்கள் பலர் கூடவே சொல்லும் குறை, "பிடிமானமே இல்லை" என்பது. ஈரத் துணியைப் பிழிய முடியாது, குடத்தைத் தூக்கினால் நழுவும். பல சமயம் கையில் கோளாறே இருக்காது. எதையும் இறுக்கிப் பிடிக்கும்போது தோள்மூட்டை நிலைநிறுத்த ரொட்டேட்டர் கஃப் எனப்படும், மூட்டைச் சுற்றியுள்ள தசைகளும் சேர்ந்து இறுகும். அங்கே வலி இருந்தால் பிடி தானாகவே தளர்ந்துவிடும்.

இந்தத் தசைகளைத் தளர்த்தப் பிசியோக்கள் அதிகம் கையாள்வது இரண்டு முறைகள்: ட்ரிக்கர் பாயிண்டில் (தசையில் இறுகி வலிக்கும் முடிச்சு) கட்டைவிரல் அழுத்தம், ஐ.ஏ.எஸ்.டி.எம். எனப்படும் ஸ்டீல் பட்டையால் தேய்ப்பது. மசாஜ் கன் மேலோட்டமான இதம் தரும், அவ்வளவுதான். எங்கள் தேர்வு விரல் அழுத்தம்.

முக்கியமான இடம் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், தோள்பட்டை எலும்பின் பின்பக்கத் தசை. வலி இல்லாத பக்கமாகப் படுக்கவைத்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பின் குறுக்கே ஓடும் மேட்டைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு இரண்டு விரற்கடை கீழே மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓரிடத்தில் அழுத்தும்போது வலி தோளின் முன்பக்கத்துக்கு ஓடும். அதுதான் இடம். பத்துக்கு ஐந்தாறு அளவு வலியில் 30 முதல் 60 விநாடி நிறுத்த வேண்டும். வலி இரண்டு மூன்றுக்கு இறங்கியதும் இன்னும் கொஞ்சம் ஆழம். ஓரிடத்தில் 3 முறை, ஒரு நாளில் 3 இடங்களுக்கு மேல் வேண்டாம். பலர் செய்யும் தவறு, எடுத்த எடுப்பில் பல்லைக் கடிக்கும் அளவுக்கு அழுத்துவது. தசை எதிர்த்து இறுகிக்கொள்ளும், மறுநாள் கை தூக்க முடியாது.

ஸ்டீல் பட்டைக்குத் தோலில் வாசலின் தடவி, 30 முதல் 60 டிகிரி சாய்வில் ஒரு பகுதிக்கு ஓரிரு நிமிடம் தேய்த்தால் போதும். சிகிச்சை தருபவரின் கட்டைவிரல் தேயாது. ஆறிய அறுவைத் தழும்பைச் சுற்றி இறுகிய இடத்துக்கு விரலைவிட இதுவே மேல். ஆனால் தோள்பட்டை எலும்பு மேட்டில் விளிம்பு உரசினால் சுள்ளென்று வலிக்கும், சிவப்புப் புள்ளிகள் வரும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களுக்கும், தோல் மெலிந்த முதியவர்களுக்கும் தவிர்த்துவிடுங்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானிப்பது வீட்டுப் பராமரிப்பு. எந்த முறையானாலும் முதல் தளர்வு ஓரிரு நாளில் மங்கும். வாரம் இரண்டு சிட்டிங்குக்கு நடுவே உள்ள ஐந்து நாளை யார் பார்ப்பது? பட்டையைத் தன் முதுகுப்பக்கம் தானே பிடித்துத் தேய்க்க முடியாது. விரலின் வேலையை டென்னிஸ் பந்து செய்யும். பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு, தோளுக்கு மேலாகத் தொங்கவிட்டு, சுவரோடு சாய்ந்து அதே இடத்தில் 45 விநாடி, காலையும் மாலையும். சாக்ஸ் இல்லாவிட்டால் பந்து நழுவிக்கொண்டே இருக்கும், இரண்டாம் நாளே விட்டுவிடுவார்கள். கிரிக்கெட் பந்து வேண்டாம், எலும்பில் குத்தும். அழுத்தியதும் முழங்கையை விலாவோடு ஒட்டி, ரப்பர் பேண்டை வெளிப்பக்கமாக 10 முறை இழுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் கிடைத்த தளர்வு வலுவாக மாறாது.

பலனைப் பிடியின் வலுவை அளக்கும் டைனமோமீட்டரில் பாருங்கள்: உட்கார்ந்து, முழங்கை 90 டிகிரி, கருவியின் கைப்பிடி இரண்டாம் நிலையில், மூன்று முறையின் சராசரி. அழுத்தி முடித்த கையோடு ஒன்றிரண்டு கிலோ கூடினால் அதை வலு என்று எண்ண வேண்டாம். அளவீட்டிலேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு. சில வாரங்களில் ஐந்தாறு கிலோ கூடி, அது நிலைத்தால் நம்பலாம். சர்க்கரை நோயாளிகளின் உறைந்த தோளில் (மூட்டு இறுகி அசைவு குறைந்த நிலை) இந்த அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். விரல்கள் மரத்துப்போய், கையைத் தொங்கவிட்டாலும் பிடி தளர்ந்தே இருந்தால், தோளைத் தொடும் முன் கழுத்து நரம்பைப் பரிசோதிக்க வேண்டும்.