கம்மி பட்ஜெட்ல வாங்குன 24 இன்ச் மானிட்டர், மூணு வருஷம் ஓட்டுனதுக்கு அப்புறம்

நாள் முழுக்க எழுத்தோட கெடக்குற வேலை எனக்கு. டைப் பண்றது, அடுத்தவங்க டைப் பண்ணதுல பிழை பாக்குறது. பழைய மானிட்டர்ல ஒரு எழுத்து மூணு சுழி ண-வா ரெண்டு சுழி ன-வான்னு தெரியாம கிட்டக்க போய் குனிஞ்சு குனிஞ்சு பாத்து கழுத்து வலி வந்தப்பதான் இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு புதுசு தேட ஆரம்பிச்சேன். கையில காசு ரொம்ப கம்மி, இருக்குறதுலயே மலிவானதுக்கு ஒரு படி மேல, அவ்ளோதான் கட்டுப்படியாகும். வாங்கி மூணு வருஷம் நாலு மாசம் ஆச்சு, தினமும் எட்டு ஒம்பது மணி நேரம் ஓடுது, அதனால இப்ப தைரியமா சொல்லலாம்னு எழுதுறேன்.

அந்த காசுக்கு மூணு மானிட்டர் வந்துச்சு. 27 இன்ச் வளைஞ்ச விஏ பேனல் ஒண்ணு, 24 இன்ச் டிஎன் பேனல்ல 144 ஹெர்ட்ஸ் ஒண்ணு, 24 இன்ச் ஐபிஎஸ் 75 ஹெர்ட்ஸ் ஒண்ணு. விஏ, டிஎன், ஐபிஎஸ்ங்கிறது திரையோட பேனல் வகை, ஹெர்ட்ஸ்ங்கிறது ஒரு நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும்ங்கிற கணக்கு. யாரா இருந்தாலும் கண்ணு முதல்ல 27-க்குதான் போகும், எனக்கும் போச்சு. ஆனா மூணுமே ஃபுல் எச்டிதான், அதாவது குறுக்கால 1920, நெடுக்கால 1080 பிக்சல், படத்தை உண்டாக்குற குட்டி புள்ளிங்க. அதே பிக்சலை பெரிய திரையில இழுத்து விரிச்சா என்ன ஆகும்? 24 இன்ச்ல ஒரு இன்ச்சுக்கு சுமார் 92 பிக்சல் வரும், 27-ல அது 82-க்கு எறங்கிடும். தம்பிகிட்ட 27 இன்ச் ஃபுல் எச்டி ஒண்ணு இருந்துச்சு, அதுல நான் தினமும் வேலை பாக்குற அதே ஃபைலை அதே சைஸ்ல திறந்து பாத்தேன். க் மேல இருக்குற புள்ளி தூசி ஒட்டுன மாதிரி கலங்கலா இருக்கு, ஞூ, ணை மாதிரி சுழி நெருக்கமா வர்ற எழுத்தெல்லாம் உள்ள அடைச்சுக்கிட்டு ஒரே கறுப்பா தெரியுது. தள்ளி உக்காந்து படம் பாக்குறவனுக்கு அது பிரச்சினையே இல்ல, தம்பி சந்தோஷமாதான் இருக்கான். ஆனா கை நீட்டுற தூரத்துல உக்காந்து எழுத்து படிக்கிறவங்க 27 வாங்குனா 2560-க்கு 1440 ரெசல்யூஷன்ல வாங்குங்க, இல்லன்னா 24-லயே நில்லுங்க. பெருசா வாங்கணும்ங்கிற ஆசையை மட்டும் அன்னைக்கு அடக்கிட்டேன், இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட அதுக்காக வருத்தப்பட்டதில்ல.

பேனல் விஷயத்துல டிஎன்-ஐ நேர்ல பாத்ததும் விட்டுட்டேன், கொஞ்சம் கீழ இருந்து பாத்தாலே கலர் தலைகீழா மாறுது. விஏ-வுல கறுப்பு நல்ல கறுப்பா இருக்கும், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 3000-க்கு 1 பக்கம் வரும், ஐபிஎஸ்-ல 1000-க்கு 1 தான். ஆனா மலிவான விஏ-வுல கறுப்பு பேக்ரவுண்ட்ல எழுத்தை ஸ்க்ரோல் பண்ணா பின்னாடியே இழுத்துட்டு வர்ற மாதிரி ஒரு கறை தெரியும், எனக்கு அது ஆகல, அதனால 24 இன்ச் ஐபிஎஸ்ஸையே வாங்குனேன். ஐபிஎஸ்-லயும் குறை இருக்கு, ராத்திரி லைட்டை அணைச்சிட்டு படம் பாத்தா கறுப்பு சாம்பலாதான் தெரியும், என்னோடதுல இடது பக்க கீழ் மூலையில கொஞ்சம் வெளிச்சம் கசியுது. பகல்ல வேலை பாக்கும்போது அது இருக்குறதே ஞாபகம் வராது.

பெட்டி மேல போட்டிருக்குற நம்பரைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா காசு கம்மியா இருக்குறவங்கதான் அதை நம்பி ஏமாந்து போறாங்க. 1 எம்எஸ்னு (அசையுற படம் கலங்காம மாற ஒரு மில்லிசெகண்ட்தான் ஆகும்னு அர்த்தம்) போட்டிருப்பாங்க, பல மானிட்டர்ல அது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாடி எரியுற லைட்டை, அணைச்சு அணைச்சு எரிய வைக்கிற ஒரு மோடுல மட்டும் வர்ற கணக்கு, அதை ஆன் பண்ணா வெளிச்சமே கொறைஞ்சிடும். எச்டிஆர்னு (ரொம்ப வெளிச்சமும் ரொம்ப இருட்டும் ஒரே படத்துல தெளிவா தெரியுறது) போட்டிருப்பாங்க, வெளிச்சம் 250 நிட்ஸ்தான் இருக்கும், மானிட்டருக்கு தரம் வகுக்குற வீசா சங்கம் குடுக்குற டிஸ்ப்ளேஎச்டிஆர் முத்திரையில அடிமட்டத்துக்கே 400 நிட்ஸ் வேணும். சிக்னலை வாங்கிக்கும், அதைக் காட்டுற தெம்பு அதுக்கு இருக்காது. டைனமிக் கான்ட்ராஸ்ட் கோடிக்கு 1-ன்னு போட்டிருந்தா படிக்கவே படிக்காதீங்க.

பெட்டியில ஒரு ஓரமா சின்னதா எழுதியிருக்குற ஃப்ளிக்கர் ஃப்ரீதான் (லைட் மினுக்காதுன்னு அர்த்தம்) எனக்கு பெரிய விஷயமா இருந்துச்சு. பழைய மானிட்டர்ல சாயங்காலம் ஆனா நெத்தி பொட்டுல வலி வரும், கண்ணாடி பவர் மாறிடுச்சோன்னு டாக்டர்கிட்ட போய் செக் பண்ணா பவர் அப்படியேதான் இருக்கு. அப்புறம்தான் ஒரு நாள் பிரைட்னெஸை நல்லா கொறைச்சு, வெள்ளை திரையை வச்சு, ஃபோன் கேமராவுல ஷட்டர் ஸ்பீடை ஏத்திப் பாத்தேன், கறுப்பு கறுப்பா பட்டை ஓடுது. பிரைட்னெஸ் கொறைக்கிறதுக்காக அந்த மானிட்டர் லைட்டை வேகமா அணைச்சு எரிய வைக்குது, கண்ணுக்கு நேரா தெரியாது, ஆனா அது தாங்காதவங்களுக்கு தலைவலி வரும். புதுசு வாங்கும்போது கடையிலயே இதே சோதனையை பண்ணேன், பட்டை எதுவும் வரல. வந்த ரெண்டாவது வாரத்துல இருந்து சாயங்கால வலி இல்ல. இதுக்காகவே இந்த காசு தகும்னு நான் நெனைக்கிறேன்.

ஆனா மாட்டுன முதல் நாள் எனக்கு அழுகையே வந்துடுச்சு. கலரெல்லாம் வெளிறிப்போய், கறுப்பு மேல பால் ஊத்துன மாதிரி இருக்கு. திருப்பிக் குடுத்துடலாம்னு பெட்டியை எடுத்து வெளிய வச்சிட்டேன். விஷயம் என்னன்னா, எச்டிஎம்ஐ கேபிள் வழியா கம்ப்யூட்டர் இதை டிவின்னு நெனைச்சுக்கிட்டு கலரை 0-ல இருந்து 255-க்கு (0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை) பதிலா 16-ல இருந்து 235 வரைக்கும்தான் அனுப்புது. கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல போய் அவுட்புட் ரேஞ்சை ஃபுல்னு மாத்துன அடுத்த நொடி கறுப்பு கறுப்பாச்சு. அதே மாதிரி 75 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60-லயே ஓட்டிட்டு இருந்துச்சு, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல நாமளா போய் மாத்தணும். விண்டோஸ்ல எழுத்தை தெளிவாக்குற கிளியர்டைப்பையும் ஒரு தடவை ஓட்டி எழுத்தை கண்ணுக்கு சரி பண்ணிக்கிட்டேன். பிரைட்னெஸுக்கு ஒரு சுலபமான வழி, ஒரு வெள்ளைத் தாளை திரை பக்கத்துல பிடிச்சு, ரெண்டோட வெள்ளையும் ஒண்ணா தெரியுற வரைக்கும் கொறைச்சுட்டே வாங்க. எனக்கு 28-ல வந்து நின்னுச்சு, கம்பெனி அனுப்பும்போது 80-ல இருந்துச்சு.

இன்னொண்ணு, புதுசு வாங்கவே வழியில்லன்னா முதல்ல பழைய மானிட்டரோட கேபிளைப் பாருங்க. அது விஜிஏ கேபிளா இருந்தா, விஜிஏ 1987-ல வந்தது, அனலாக் சிக்னல், கேபிள் சுமாரா இருந்தா எழுத்தோட ஓரம் கலங்கிடும். மானிட்டர்லயும் கம்ப்யூட்டர்லயும் எச்டிஎம்ஐ-யோ டிவிஐ-யோ இருந்தா அதுக்கு மாறுங்க, ரெசல்யூஷன் மானிட்டரோட சொந்த ரெசல்யூஷன்ல இருக்கான்னும் பாத்துக்கோங்க. என்னோட பழசுல பாதி கலங்கல் கேபிளாலதான்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

முதல் நாளே முழு திரையையும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு மாத்தி மாத்தி பாத்தேன், திருப்பிக் குடுக்குற நாள் முடியறதுக்குள்ள எல்லாரும் இதை பண்ணிடுங்க. கீழ டாஸ்க்பார் பக்கத்துல ஒரே ஒரு பச்சை புள்ளி எரிஞ்சுட்டே இருந்துச்சு. ஃபோன் பண்ணி கேட்டா ஒண்ணுக்கெல்லாம் மாத்தித் தர மாட்டோம்னுட்டாங்க. ஃபுல் எச்டில 20 லட்சத்துக்கு மேல பிக்சல், ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு சின்ன புள்ளி, அதுல எத்தனை கெட்டா மாத்துவோம்னு கம்பெனிக்கு கம்பெனி ஒரு கணக்கு வச்சிருக்காங்க. வாங்குறதுக்கு முன்னாடியே அதை கேட்டு வச்சிருக்கணும், நான் கேக்கல.

ஸ்டாண்டு மோசம். முன்ன பின்ன சாயும், உயரம் ஏறாது, டைப் பண்ணா ஆடும். திரையோட மேல் ஓரம் கண்ணு மட்டத்துக்கு வரணும்னு ஒரு வருஷம் அடியில பலகை போட்டு ஓட்டுனேன், அப்புறம் கொஞ்சம் காசு சேத்து மானிட்டரைத் தாங்குற ஒரு ஆர்ம் வாங்கி மாட்டுனேன். பின்னாடி 100 மில்லிமீட்டர் இடைவெளியில ஆர்மை திருகி மாட்ட நாலு வீசா ஓட்டை இருந்ததாலதான் அது முடிஞ்சுது, மலிவான சிலதுல அந்த ஓட்டையே இருக்காது, திருப்பிப் பாத்து வாங்குங்க.

ரெண்டாவது வருஷ கடைசியில திரை அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு, பேனலே போச்சுன்னு பயந்துட்டேன். போனது வெளிய இருக்குற அடாப்டர். லேபிள்ல 19 வோல்ட், 1.3 ஆம்பியர்னு இருந்துச்சு. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே இல்லன்னா கூடவும் இருக்கலாம், பின்னோட அளவும் பிளஸ் மைனஸும் ஒத்துப்போகணும், அப்படி பாத்து வாங்கி மாட்டுனதும் சரியாச்சு. பவர் சப்ளை உள்ளயே இருந்திருந்தா பிரிச்சு ரிப்பேர் பாக்க வேண்டியிருந்திருக்கும்.

அதுக்கப்புறம் தொந்தரவு இல்ல. 28-ல வச்சிருந்த பிரைட்னெஸ்ல போன மாசம் அதே வெள்ளைத் தாளை பக்கத்துல வச்சுப் பாத்தேன், திரை கொஞ்சம் மங்கலா தெரிஞ்சுது, பேக்லைட்டுக்கும் வயசாகுதுல்ல. 34-க்கு ஏத்தி வச்சிருக்கேன், 100 வரைக்கும் இன்னும் இடம் கெடக்கு.