கால் வைத்த தண்ணீர் கறுத்தால் நச்சு வெளியேறிவிட்டது என்று நம்பாதீர்கள்

உடம்பில் சேர்ந்த நச்சுக் கழிவை வெளியேற்றித் தருகிறோம் என்று சொல்லும் ஒரு டீடாக்ஸ் மையத்தில் என் அம்மா பணமும் கட்டி, உடம்பையும் கெடுத்துக்கொண்டு வரும்படி ஆகிவிட்டது. இதே பேச்சை வேறு வேறு பெயர்களில் பலரும் பேசுவதால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. சில மாதங்களாக அசதி, சரியான தூக்கம் இல்லை. அந்த மையத்தில் முதலில் இலவசப் பரிசோதனை என்று உட்கார வைத்தார்கள். உப்பு கலந்த வெந்நீர்த் தொட்டியில் காலை வைக்கச் சொல்லி, உள்ளே ஒரு சின்னக் கருவியைப் போட்டு மின்சாரம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பாகி, மேலே நுரையும் துணுக்குகளும் மிதந்தன. "பாருங்கம்மா, இவ்வளவு கழிவு உள்ளே இருந்திருக்கு" என்றார் அங்கிருந்த ஆலோசகர். கண்ணெதிரே பார்த்த பிறகு யார்தான் பயப்படமாட்டார்கள்?

அந்தக் கருவிக்குள் இருப்பது உலோகத் தகடு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது தகட்டிலுள்ள இரும்பு அரித்துத் துருவாகி வெளியே வருகிறது, நிறம் அதுதான். கால் வைக்காமலே ஓட்டினாலும் தண்ணீர் நிறம் மாறும். பிறகு நான் போய், ஒருமுறை ஆள் இல்லாமல் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். அப்படி ஓட்டினால் மெஷின் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். இரவில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு காலையில் கறுத்திருப்பதைப் பார்க்கச் சொல்லும் பட்டைகளும் இதே வகைதான். ஈரம் பட்டாலே அவை கறுக்கும். அமெரிக்காவில் ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-லேயே அப்படி ஒரு பட்டையை விற்றவர்கள் மீது வழக்குப் போட்டது.

அப்புறம் பேக்கேஜ். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பதில் சாறு, இரவில் ஒரு பொடி, கடைசியில் "கல்லீரல் சுத்தம்". பொடி டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் நிலவாகை, அதாவது சென்னா என்று இருந்தது. அது பேதி மருந்து. மலச்சிக்கலுக்குச் சில நாள் கொடுக்கும் மருந்துதான், அதில் தவறில்லை. ஆனால் தினமும் பேதியானால் தண்ணீரோடு பொட்டாசியமும் போகும். அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரை சிறுநீரை அதிகமாக்கும் வகை; அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அந்த மையத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதல் வாரம் எடை குறைந்தது. போனது கொழுப்பு இல்லை, பெரும்பாலும் தண்ணீரும் குடலில் இருந்ததும்தான். அவர்களோ கைதட்டினார்கள். பிறகு அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, தலைச்சுற்றல், நெஞ்சு படபடப்பு. போன் செய்தால், "கழிவு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்மா, பாதியில் விட்டால் ரத்தத்திலேயே தங்கிடும்" என்று பதில். எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்காதது இந்த ஒரு வாக்கியத்தில்தான். தலை வலித்தால் நச்சு வெளியேறுகிறதாம். வலிக்காவிட்டால் நச்சு ஆழத்தில் இருக்கிறதாம், இன்னொரு பேக்கேஜ் வேண்டுமாம். என்ன நடந்தாலும் அவர்கள் சொன்னது பலித்ததாகவே ஆகும்படி பேசுகிறார்கள். நோயாளி ஆபத்தில் இருக்கும் நேரத்தில் மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பதும் இந்தப் பேச்சுதான்.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கே அதை நம்பித்தான் இருக்கிறது. நல்லவேளை, சரிசெய்துவிட்டார்கள். கல்லீரல் சுத்தம் என்ற கட்டம் வரும் முன்பே நிறுத்தியாயிற்று. அதில் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிக்க வைத்து, மறுநாள் மலத்தில் பச்சை நிற உருண்டைகளைக் காட்டி, பித்தக்கல் வெளியே வந்துவிட்டது என்பார்கள். அப்படிப்பட்ட உருண்டைகளை ஆய்வு செய்த குறிப்பு 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பித்தக்கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால், பிலிரூபின், கால்சியம் எதுவும் அவற்றில் இல்லை. குடித்த எண்ணெய் வயிற்றில் சோப்பாகத் திரண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எந்த நச்சை எடுக்கிறீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஈயம் உடம்பில் ஏறினால் ரத்தத்தில் அளந்து சொல்ல முடியும், அதற்கு மருத்துவமனையில் சிகிச்சையும் உண்டு. இவர்களிடம் பெயரும் இல்லை, அளவும் இல்லை. 2009-ல் பிரிட்டனில் ஒரு குழு 15 டீடாக்ஸ் பொருள்களின் தயாரிப்பாளர்களிடம் டீடாக்ஸ் என்றால் என்ன என்று விசாரித்தது. இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே விளக்கம் தரவில்லை.

உண்மையில் இந்த வேலையைச் செய்வது சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும். புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக அனுப்புகின்றன. இவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி பேக்கேஜில் அடங்காது. மதுவை விடுவது, வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காமல் இருப்பது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை, நார்ச்சத்துள்ள சாப்பாடு, தூக்கம். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து எடையும் கூடுதலாக உள்ளவர்கள் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை மெதுவாகக் குறைத்தாலே நல்ல மாற்றம் தெரியும். இதில் எதற்கும் ஆலோசகருக்குக் கமிஷன் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டப்பாவைத் திறந்துவிட்டீர்கள், முடியாது என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால் "நலவாழ்வு ஆலோசனை" என்று மட்டும் போட்டிருக்கிறது. நச்சு, கல்லீரல், சிகிச்சை என்று வாயால் சொன்ன எதுவும் தாளில் இல்லை. பணம் கட்டுவதற்கு முன்னால், சொல்வதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். டப்பா, ரசீது, குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். நுகர்வோர் புகாருக்கு அவைதான் ஆதாரம்.

இப்போதே இப்படி ஏதாவது பொடி சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாகச் சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையோ டிஜாக்சின் போன்ற இதய மாத்திரையோ எடுப்பவர்கள், டப்பாவை அப்படியே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பேதியானால் கருத்தடை மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் உடம்பில் சேராமலே போய்விடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவில்லாமல் கீரைச் சாறும் பழச்சாறும் குடிக்க வேண்டாம். படபடப்போ மயக்கமோ வந்தால் மையத்துக்குப் போன் செய்யாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.